கிணற்றில் பெட்ரோல் வாடை: நிலத்தடி டேங்க் கசிவு பற்றி வேலூர் வட்டாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாலாஜாபேட்டையிலிருந்து வாணியம்பாடி வரை தேசிய நெடுஞ்சாலை 48-ன் இரு பக்கமும் பெட்ரோல் பங்குகள். பல பங்குகளின் பின்சுவரை ஒட்டியே தென்னந்தோப்பும் கிணறும் வீடும் இருக்கின்றன. பங்குகள் போக, பஸ் டெப்போ, ஆஸ்பத்திரி ஜெனரேட்டர், தோல் தொழிற்சாலை பாய்லர் என்று எரிபொருள் டேங்க் புதைந்திருக்கும் இடங்கள் வேறு. மண்ணுக்குள் நடக்கும் கசிவு கண்ணுக்குத் தெரியாது. பெரும்பாலும் யாரோ ஒருவர் வீட்டுக் கிணறுதான் அதை முதலில் காட்டிக்கொடுக்கிறது. கிணற்றுக்காரர்கள், பங்க் டீலர்கள், மனை வாங்கப் போகிறவர்கள் மூன்று தரப்பும் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

கிணற்றுத் தண்ணீரில் பெட்ரோல் வாடை வருகிறது. இன்றைக்கே செய்ய வேண்டியது என்ன?

முதல் ஆபத்து தீ. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. மேலே கலைந்து போகாமல் கிணற்றுக்குள்ளும் சம்ப்பிலும் பள்ளத்திலும் போய்த் தங்கும். காற்றில் ஒன்றரை சதவீதம் இருந்தாலே ஒரு பொறி போதும். நம் பக்கத்தில் கிணற்றில் இறங்குவதற்கு முன் விளக்கை இறக்கிப் பார்க்கும் பழக்கம் உண்டு. அணைந்தால் கெட்ட காற்று என்று அர்த்தம். பெட்ரோல் வாடை வரும் கிணற்றில் அந்தச் சோதனையைச் செய்யவே கூடாது. தூர் வாரவோ, மோட்டாரை எடுக்கவோ ஆளையும் இறக்காதீர்கள். தீப்பிடிக்காவிட்டாலும் அந்த ஆவியில் ஆள் மயங்கி விழுந்துவிடுவார், அவரைத் தூக்கப் போகிறவரும் விழுவார்.

மோட்டார் போடுவதை நிறுத்துங்கள். மோட்டார் அறைக்குள்ளேயே வாடை அடித்தால் சுவிட்சைத் தொட வேண்டாம். மின்வாரியத்தில் சொல்லிக் கம்பத்திலேயே இணைப்பைத் துண்டிக்கச் சொல்லுங்கள். தீயணைப்பு நிலையத்துக்கும் (101), பங்க் டீலருக்கும், கிராம நிர்வாக அலுவலருக்கும் அன்றே தகவல் போகட்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு எழுத்தில் கொடுங்கள். அக்கம்பக்கத்துக் கிணற்றுக்காரர்களிடமும் சொல்லுங்கள். வாடை முதலில் தெரிந்த தேதி, அன்று நீர்மட்டம் எத்தனை அடியில் இருந்தது, அதற்கு முன் மழை பெய்ததா என்று ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். பின்னால் ஆய்வு செய்ய வருகிறவருக்கு அந்தக் குறிப்பு மிகவும் பயன்படும்.

காய்ச்சிக் குடிக்கலாமா? ஆர்.ஓ. போட்டிருக்கிறோமே?

இரண்டையும் நம்ப வேண்டாம். காய்ச்சும்போது பென்சீன் ஆவியாகிச் சமையலறைக் காற்றில் கலக்கும். அடுப்பு எதிரே நிற்பவர் அதைத்தான் மூச்சில் இழுப்பார். வெந்நீரில் குளிப்பதிலும் இதே சிக்கல். வீட்டு ஆர்.ஓ. உப்பை எடுக்கச் செய்யப்பட்டது. பென்சீன் போன்ற சிறு மூலக்கூறுகளை அது முழுமையாகத் தடுக்காது. பிளீச்சிங் பவுடருக்கு இதில் வேலையே இல்லை. குடிக்கவும் சமைக்கவும் வேறு தண்ணீர் ஏற்பாடு செய்யச் சொல்லி உள்ளாட்சியைக் கேளுங்கள். துர்நாற்றம் விட்டுவிட்டுத்தான் வருகிறது என்பதற்காக இடையிடையே பயன்படுத்தவும் வேண்டாம்.

வாடை போய்விட்டது. சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. பெட்ரோலில் நூற்றுக்கணக்கான பொருட்கள் உள்ளன. உடம்புக்கு அதிகம் கெடுதல் செய்வது பென்சீன். அது புற்றுநோய் உண்டாக்கும் என்பது உறுதிசெய்யப்பட்ட விஷயம். குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. தண்ணீரில் பென்சீன் மட்டும் இருந்தால் அதன் வாடை மூக்குக்குத் தெரிய இதைப்போலப் பல மடங்கு வேண்டும்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். நம் நாட்டில் பெட்ரோலில் கன அளவில் 1 சதவீதம் வரை பென்சீன் இருக்கலாம். அப்படியானால் ஒரு லிட்டர் பெட்ரோலில் 10 மில்லி, எடையில் 8 கிராமுக்கு மேல். அது முழுவதும் கரைந்தால் 8 லட்சம் லிட்டர் தண்ணீர் அந்த வழிகாட்டு அளவைத் தொட்டுவிடும். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி என்றால் அறுபது எழுபது லாரி. ஒரே ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு இவ்வளவு.

டேங்க் ஓட்டையானால்தான் கசிவா?

இல்லை. டேங்க்கைவிட குழாய்களும் இணைப்புகளும்தான் அதிகம் கசிகின்றன: டேங்க்கிலிருந்து பம்புக்குப் போகும் லைன், அதன் வளைவுகள், பம்புக்கு அடியில் உள்ள இணைப்பு, டேங்க்கின் மேல் மூடிக் குழி. லாரியிலிருந்து இறக்கும் வாய்ப்பகுதியில் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சிந்துவது பல வருடத்தில் சேர்ந்து பெரிய அளவாகிவிடும். இரும்பு டேங்க்கும் குழாயும் ஈர மண்ணில் துருப்பிடிக்கும். உப்பு ஏறிய நிலத்தடி நீர் உள்ள இடங்களில் இன்னும் வேகமாக.

வினாடிக்கு ஒரு சொட்டு விழுந்தாலே நாளைக்கு நான்கு லிட்டர், வருடத்துக்குச் சுமார் 1,500 லிட்டர். நாளைக்கு 5,000 லிட்டர் விற்கும் பங்கில் நான்கு லிட்டர் என்பது கணக்கில் 0.1 சதவீதம்கூட இல்லை. கசிவு ஏன் பல மாதம் பிடிபடாமல் போகிறது என்பதற்கு இதுதான் காரணம்.

டீலர் கேட்பது: ஸ்டாக்கில் தினமும் கொஞ்சம் குறைகிறது. ஆவியா, கசிவா?

வெப்பநிலையை முதலில் கழித்துப் பாருங்கள். 10,000 லிட்டர் பெட்ரோல் ஒரு டிகிரி குளிர்ந்தால் 10 லிட்டர் அளவுக்குச் சுருங்கும். அக்னி நட்சத்திர வெயிலில் நின்ற லாரியிலிருந்து இறக்கி, மண்ணுக்குள் ஏழெட்டு டிகிரி குறைந்தால் எண்பது லிட்டர் காணாமல் போன மாதிரித் தெரியும். ஆகவே டிப் (டேங்க்குக்குள் அளவுகோலை இறக்கி மட்டம் பார்ப்பது) எடுக்கும்போது வெப்பநிலையும் அடர்த்தியும் சேர்த்துக் குறித்து, 15 டிகிரியில் இருந்தால் வரும் அளவுக்கு மாற்றிய பிறகு பாருங்கள். வெப்பநிலை வித்தியாசம் ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும். மாதக்கணக்கில் ஒரே பக்கமாகக் குறைந்துகொண்டே போனால் அது கசிவுக்கான அறிகுறி. விற்பனை இல்லாத இரவிலும் டிப் குறைந்தால் டேங்க்கைச் சந்தேகப்படுங்கள். விற்பனை ஓடும்போது மட்டும் குறைந்தால் லைனையும் பம்பின் அளவீட்டையும் பாருங்கள்.

இன்னொன்று, டேங்க்கில் தண்ணீர். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிலத்தடி நீர் ஏறும்போது டேங்க்குக்குள் தண்ணீர் நுழைந்தால் வெறுமனே தண்ணீரை இறைத்துவிட்டு வியாபாரத்தைத் தொடர வேண்டாம். தண்ணீர் உள்ளே வந்த ஓட்டை வழியாகத்தான் கோடையில் பெட்ரோல் வெளியே போகும். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலில் கொஞ்சம் தண்ணீர் நுழைந்தால் எத்தனால் அதை உறிஞ்சி மறைத்துவிடும். அளவு கூடினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து அடியில் தனி அடுக்காகப் பிரியும். பழைய வாட்டர் பேஸ்ட் (அளவுகோலில் தடவுவது, தண்ணீர் பட்டால் நிறம் மாறும்) அதை ஒழுங்காகக் காட்டாமல் போகலாம். எத்தனால் பெட்ரோலுக்கு ஏற்ற பேஸ்ட்டைக் கேட்டு வாங்குங்கள்.

சந்தேகம் வந்ததும் அந்த டேங்க்கில் விற்பனையை நிறுத்தி, மீதியை வேறு டேங்க்குக்கு மாற்றி, டேங்க்கையும் லைனையும் தனித்தனியாகக் கசிவுச் சோதனைக்கு உட்படுத்துங்கள். மறைத்து வைத்த மாதங்கள்தான் பின்னால் பெரும் செலவாக வந்து நிற்கின்றன.

கசிந்தது எங்கே போகும்? பங்குக்கு அடுத்த கிணறு நன்றாக இருக்கிறது, இரண்டு வயல் தள்ளி உள்ள கிணற்றில் வாடை. எப்படி?

இது நம் பக்கத்து நிலத்தின் குணம். பாலாற்றை ஒட்டிய மணல் பட்டையை விட்டால் வேலூர் வட்டாரம் பெரும்பாலும் கருங்கல் பாறை. மேலே மண், அதன் கீழே சிதைந்த பாறை, அதற்கும் கீழே கெட்டிப் பாறையும் அதில் வெடிப்புகளும். தண்ணீர் இந்தச் சிதைந்த பகுதியிலும் வெடிப்புகளிலும்தான் ஓடுகிறது.

கசிந்த பெட்ரோல் முதலில் மண்ணில் செங்குத்தாக இறங்கும். இறங்கும் வழியெல்லாம் மண் துகள்களுக்கு இடையே கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டிக்கொண்டு நிற்கும். நீர்மட்டத்தைத் தொட்டதும், தண்ணீரைவிட லேசானது என்பதால் அதன் மேல் மிதந்து பக்கவாட்டில் பரவும். மிதக்கும் அந்த அடுக்கிலிருந்து பென்சீன், டொலுவீன், எத்தில் பென்சீன், சைலீன் நான்கும் தண்ணீரில் கரைந்து நீரோட்டத்தோடு நகரும். மணலில் இந்த நகர்வை ஓரளவு கணிக்கலாம். பாறையில் அது வெடிப்பு எந்தத் திசையில் போகிறதோ அந்தத் திசையில் போகும். அதனால்தான் ஐம்பது அடி தூரத்தில் உள்ள கிணறு தப்பிக்கிறது, இருநூறு மீட்டர் தள்ளி உள்ள கிணறு மாட்டிக்கொள்கிறது.

நீர்மட்டம் இங்கே கோடைக்கும் மழைக்கும் பல மீட்டர் ஏறி இறங்கும். மட்டம் இறங்கும்போது மிதக்கும் பெட்ரோலும் கூடவே இறங்கிப் புதிய மண்ணில் ஒட்டும். மழையில் ஏறும்போது ஒரு பகுதி தண்ணீருக்கு அடியிலேயே சிக்கிவிடும். இரண்டு மூன்று வருடத்தில் பல மீட்டர் உயரத்துக்கு மண் முழுவதும் எண்ணெய் பூசியதுபோல் ஆகிவிடுகிறது. வாடை ஒரு பருவத்தில் வருவதும் மறைவதும் இதனால்தான்.

அப்புறம் மோட்டார்கள். பெரிய போர்வெல் ஒன்று நாள் முழுக்க இறைத்தால் சுற்றியுள்ள நீரோட்டத்தையே தன் பக்கம் திருப்பிவிடும். மேட்டிலிருந்து பள்ளத்துக்குத்தான் போகும் என்று தரைச் சரிவைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

ஆழமாகப் புது போர் போட்டால் நல்ல தண்ணீர் வருமே?

தயவுசெய்து போடாதீர்கள். இந்தப் பதில்களில் எல்லாவற்றையும்விட வற்புறுத்திச் சொல்ல வேண்டியது இதுதான். நம் ஊர் போர்களில் கேசிங் பைப் மேல் மண்ணையும் சிதைந்த பாறையையும் தாண்டியதும் நின்றுவிடும். கீழே நூற்றுக்கணக்கான அடிக்கு வெறும் துளைதான். கேசிங்கைச் சுற்றி சிமென்ட் அடைப்பும் பெரும்பாலும் போடுவதில்லை. மேலே மாசு இருக்கும் இடத்தில் இப்படித் துளைத்தால், இதுவரை மேல் அடுக்கோடு நின்றிருந்த பெட்ரோல் அந்தத் துளை வழியாக ஆழத்து வெடிப்புகளுக்கு இறங்கிவிடும். அங்கிருந்து அதை வெளியே எடுப்பது மிகவும் கடினம். முதல் சில வாரம் நல்ல தண்ணீர் வரும். அதை நம்பி ஊரே போர் போடத் தொடங்கினால் முழு நீர்த்தேக்கமும் கெட்டுவிடும்.

ஏற்கெனவே கைவிட்ட போர்கள் அருகில் இருந்தால் மேலே கல்லைப் போட்டு மூடுவது போதாது. அடியிலிருந்து களிமண், சிமென்ட் கலவையால் முறையாக நிரப்பச் சொல்லுங்கள்.

ஆய்வு என்றால் என்ன செய்வார்கள்?

நல்ல ஆய்வு கடப்பாரையோடு தொடங்காது, காகிதத்தோடும் பேச்சோடும் தொடங்கும். டேங்க் எங்கே, எந்த வருடம் புதைத்தது, லைன் எந்த வழியாகப் போகிறது, இதற்கு முன் டேங்க் வேறு இடத்தில் இருந்ததா? சாலை விரிவாக்கத்தில் தள்ளி வைக்கப்பட்ட பங்குகளில் பழைய டேங்க் அப்படியே மண்ணுக்குள் விடப்பட்டிருக்கலாம். வரைபடத்தில் இல்லாததைப் பழைய ஊழியர் விரலை நீட்டிக் காட்டிவிடுவார். சுற்றியுள்ள எல்லாக் கிணறு, போர், சம்ப், தரைக்கு அடியில் உள்ள அறைகளையும் வரைபடத்தில் குறிப்பார்கள்.

அடுத்தது மண். கை ஆகர் (கையால் சுற்றி மண்ணில் இறக்கும் துளைக்கருவி) கொண்டு சில அடிக்கு ஒரு முறை மண் எடுத்து, ஜிப் பையில் பாதி நிரப்பி, மூடி, கட்டிகளை உடைத்துக் கொஞ்ச நேரம் வெயிலில் வைப்பார்கள். பையின் மேல்பகுதியில் ஆவி சேரும். சின்னத் துளை போட்டு ஆவி அளக்கும் கருவியின் மூக்கை நுழைத்தால் எண் ஓடும். டேங்க் பக்கத்தில் ஆயிரத்தைத் தாண்டும் எண், பத்து அடி தள்ளிப் பூஜ்யத்துக்கு வந்தால் எல்லை கிட்டத்தட்ட புரிந்துவிடும். இது வழிகாட்டும் சோதனை மட்டும்தான். சட்டப்படி பேச ஆய்வகத்துக்குப் போக வேண்டும்.

கை ஆகர் சிதைந்த பாறையோடு நின்றுவிடும். அதற்குக் கீழே போக நம் ஊர் போர் வண்டியைக் கூப்பிடுவார்கள். அதில் ஒரு சங்கடம் உண்டு: அந்த ரிக் அதிக அழுத்தக் காற்றால் தூளை வெளியே ஊதுகிறது. ஊதும்போதே பெட்ரோலின் ஆவி பறந்துவிடும். அந்தத் தூளை ஆய்வகத்துக்கு அனுப்பினால் குறைவான அளவு வரும். பாறைக்குள்ளிருந்து மண், கல் சாம்பிள் வேண்டுமென்றால் உருளையாகக் கல்லை வெட்டி எடுக்கும் கோர் டிரில்லிங்தான் சரி. செலவு கூடும், ஆனால் ஊதித்தள்ளிய தூளின் அறிக்கையை வைத்து இடம் சுத்தம் என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன்.

பிறகு கண்காணிப்புக் கிணறுகள். நீரோட்டத் திசையைத் தெரிந்துகொள்ளக் குறைந்தது மூன்று வேண்டும், ஒரே நேர்கோட்டில் இல்லாமல். துளையிட்ட பி.வி.சி. குழாய்ப் பகுதி நீர்மட்டத்துக்கு மேலும் கீழும் நீண்டிருக்க வேண்டும். கோடை மட்டமும் மழை மட்டமும் இரண்டும் அதற்குள் அடங்க வேண்டும். துளைகள் முழுக்கத் தண்ணீருக்குள் மூழ்கியிருந்தால் மிதக்கும் பெட்ரோல் குழாய்க்கு வெளியே நின்றுவிடும். கிணற்றில் ஒன்றுமில்லை என்று அறிக்கை வரும். அறிக்கை கையில் கிடைத்தால் இந்த ஒரு விவரத்தை முதலில் பாருங்கள்.

கண்ணாடி மாதிரியான பெய்லர் குழாயை இறக்கித் தூக்கினால், மேலே தனி நிற அடுக்கும் கீழே தண்ணீரும் தெளிவாகப் பிரிந்து நிற்பதைப் பார்க்கலாம். அந்த அடுக்கின் தடிமனை அப்படியே மண்ணில் உள்ள தடிமன் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கிணற்றுக்குள் அது பெரும்பாலும் கூடுதலாகவே தெரியும்.

ஒரே ஒரு தடவை அளந்தால் ஆய்வு முடியாது. சித்திரையில் ஒரு முறை, மார்கழியில் ஒரு முறையாவது அளக்க வேண்டும்.

சாம்பிளை நாங்களே எடுத்துக் கொடுக்கலாமா?

சந்தேகத்தைத் தெளிவுபடுத்திக்கொள்ள எடுக்கலாம். வழக்குக்கு என்றால் வாரிய அலுவலரோ, அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் ஆளோ எடுத்துக் கையெழுத்தோடு கொண்டுபோவதுதான் நிற்கும்.

பிளாஸ்டிக் பாட்டில் கூடாது. ஆய்வகம் தரும் 40 மில்லி கண்ணாடிக் குப்பியில் தண்ணீரைச் சத்தமில்லாமல் ஓரமாகச் சாய்த்து ஊற்றி, விளிம்பில் தண்ணீர் கொஞ்சம் மேடு கட்டி நிற்கும்வரை நிரப்பி மூட வேண்டும். மூடியபின் தலைகீழாகப் பிடித்து விரலால் தட்டிப் பாருங்கள். குமிழி ஒன்று ஓடினால்கூட அதை ஒதுக்கிவிட்டு வேறு குப்பியில் எடுக்க வேண்டும். பென்சீன் அந்தக் குமிழிக்குள் போய்விடும். குப்பியில் ஏற்கெனவே சில துளி அமிலம் இருக்கும்; கழுவிவிடாதீர்கள். ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்புங்கள். சோதனைச் சீட்டில் பி.டி.இ.எக்ஸ். (பென்சீன், டொலுவீன், எத்தில் பென்சீன், சைலீன் நான்கும் சேர்ந்தது) என்றும் மொத்தப் பெட்ரோலிய ஹைட்ரோகார்பன் என்றும் கேட்டு எழுதுங்கள். வழக்கமான குடிநீர்ச் சோதனை டி.டி.எஸ்., கடினத்தன்மை, குளோரைடு பார்க்கும், பென்சீனைப் பார்க்காது.

எங்கள் தண்ணீர் ஏற்கெனவே தோல் தொழிற்சாலைக் கழிவால் கெட்டது. எது யாருடையது என்று பிரிக்க முடியுமா?

முடியும். தோல் பதனிடும் கழிவின் அடையாளம் அதிக உப்பு, குளோரைடு, சில இடங்களில் குரோமியம். பெட்ரோலின் அடையாளம் பி.டி.இ.எக்ஸ். இரண்டும் ஒரே கிணற்றில் இருக்கலாம். ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைப் பக்கம் இரண்டையும் சேர்த்தே சோதிக்கச் சொல்லுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பெட்ரோலை மண்ணுக்குள்ளேயே சிதைத்துத் தீர்க்க ஹைட்ரஜன் பெராக்சைடு, பெர்சல்ஃபேட் போன்ற ரசாயனங்களைச் செலுத்தும் முறை ஒன்று உண்டு. குரோமியம் படிந்த மண்ணில் அதைச் செய்தால், அதிகம் நகராத மூன்று இணைதிறன் குரோமியம் கரைந்து ஓடும் நச்சான ஆறு இணைதிறன் குரோமியமாக மாறக்கூடும். ராணிப்பேட்டை சிப்காட்டில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவு லட்சம் டன்னுக்கு மேல் குவிந்து கிடந்த கதை ஊருக்கே தெரியும். வேறு ஊரில் பலித்த முறையை இங்கே அப்படியே கொண்டுவந்து செலுத்துவதற்கு முன் மண்ணில் குரோமியம் எவ்வளவு என்று கேட்டே ஆக வேண்டும்.

சரி, சுத்தம் செய்வது எப்படி?

கசிவை நிறுத்தாமல் எதுவும் தொடங்கக் கூடாது. டேங்க்கை வெளியே எடுப்பது என்றால் முதலில் காலி செய்து, அடிமண்டியை எடுத்து, உள்ளே உள்ள ஆவியை நைட்ரஜன் போன்ற வாயுவால் வெளியேற்றி, அளந்து பார்த்த பிறகே வெட்டலாம். காலி டேங்க் நிறைந்த டேங்க்கைவிட ஆபத்தானது. வெல்டிங் ஆளை நேராகக் கூப்பிடாதீர்கள்.

அடுத்து மிதக்கும் எண்ணெய். அதைக் கிணற்றிலிருந்து மேலாக வழித்து எடுக்க வேண்டும். பெரிய மோட்டார் போட்டு வேகமாக இறைத்தால் நீர்மட்டம் குழிந்து, எண்ணெய் கீழே இழுக்கப்பட்டு இன்னும் ஆழத்து மண்ணில் ஒட்டும். மெதுவாக எடுப்பதே சரி.

மண்ணில் ஒட்டிய பெட்ரோலுக்கு நல்ல முறை ஆவி உறிஞ்சுதல். மண்ணில் குழாய் இறக்கி, மேலே புளோயர் வைத்துக் காற்றை இழுப்பார்கள். வரும் ஆவி கரித்தூள் தொட்டி வழியாகச் சுத்தமாகி வெளியே போகும். பெட்ரோலுக்கும் மணல் கலந்த மண்ணுக்கும் இது நன்றாக வேலை செய்யும், களிமண்ணில் மந்தம். பாலாற்று மணலில் நீர்மட்டத்துக்குக் கீழே காற்றைச் செலுத்திக் குமிழிகளால் பென்சீனை மேலே கொண்டுவரவும் செய்யலாம். பாறை வெடிப்புகளில் அதே காற்று எந்த வழியாக எங்கே போகும் என்று சொல்ல முடியாது. பக்கத்து வீட்டு சம்ப்பில் போய் ஆவியைத் தள்ளினால் யார் பொறுப்பு? பாறைப் பகுதியில் சின்ன அளவில் சோதித்துப் பார்க்காமல் இதை அனுமதிக்கக் கூடாது.

கரைந்த மாசுக்கு, தண்ணீரை இறைத்து, காற்றோட்டக் கோபுரத்திலும் கரித்தூளிலும் சுத்தம் செய்வது பழைய முறை. மாசு மேற்கொண்டு பரவாமல் பிடித்து நிறுத்த உதவும். முழுவதும் சுத்தமாகப் பல வருடம் ஆகும்.

எல்லா இடத்திலும் மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் ஏற்கெனவே வேலை செய்துகொண்டுதான் இருக்கும். அவை முதலில் ஆக்சிஜனையும், அது தீர்ந்ததும் நைட்ரேட், இரும்பு, சல்ஃபேட் என்றும் பயன்படுத்திப் பெட்ரோலைத் தின்கின்றன. கசிவுக்கு அருகே உள்ள கிணற்றுத் தண்ணீர் துருநிறமாவதும், அழுகிய முட்டை நாற்றம் வருவதும் இதனால் இருக்கலாம். எத்தனால் கலந்த பெட்ரோலில் நுண்ணுயிர்கள் எத்தனாலை முதலில் தின்று ஆக்சிஜனைத் தீர்த்துவிடுவதால் பென்சீன் கூடுதல் தூரம் போக வாய்ப்புண்டு. இயற்கையே பார்த்துக்கொள்ளும் என்று விடுவதற்கு, அது உண்மையில் நடக்கிறது என்பதைப் பருவத்துக்குப் பருவம் அளந்து காட்ட வேண்டும். வெறுமனே காத்திருப்பது சிகிச்சை ஆகாது.

சாணியும் நுண்ணுயிர்ப் பொடியும் போட்டால் போதும் என்கிறார்களே?

தோண்டி எடுத்த மண்ணுக்கு ஓரளவு உண்மை. தார்ப்பாய் விரித்து, மண்ணைக் குவித்து, ஈரமும் காற்றும் தழைச்சத்தும் மணிச்சத்தும் கொடுத்தால் நுண்ணுயிர் பெருகி எண்ணெயைச் சிதைக்கும். தொழுவுரம் அதற்கு உதவும். இருபது அடி ஆழத்தில் பாறை வெடிப்புக்குள் இருக்கும் பெட்ரோலுக்கு மேலே சாணி கரைத்து ஊற்றினால் கிணற்றில் கிருமிதான் சேரும்.

கெட்ட மண்ணைத் தோண்டி லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டால்?

எங்கே அனுப்புகிறார்கள் என்று கேளுங்கள். ஏரிக்கரையிலோ, பாலாற்றங்கரையிலோ, யாரோ ஒருவர் மனையை மேடாக்கவோ கொட்டினால் பிரச்சினையை அடுத்த ஊருக்கு மாற்றியதாகும். எண்ணெய் ஊறிய மண்ணும் டேங்க் அடிமண்டியும் 2016-ம் ஆண்டு தீங்கு விளைவிக்கும் கழிவு விதிகளின்படி கையாளப்பட வேண்டியவை. அனுமதி பெற்ற வண்டியில், சீட்டோடு, கும்மிடிப்பூண்டியில் உள்ளதுபோன்ற அங்கீகரிக்கப்பட்ட மையத்துக்குப் போக வேண்டும். அந்தச் சீட்டின் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

டீசலுக்கும் இதே முறைதானா?

பாதிக்குப் பாதி. டீசலில் பென்சீன் மிகக் குறைவு, அவ்வளவு எளிதில் ஆவியாகாது. எனவே ஆவி உறிஞ்சும் முறை அதிகம் பலிக்காது. மெதுவாகக் காற்று கொடுத்து நுண்ணுயிரை வளர்ப்பது நல்லது. பாய்லருக்கு வரும் பர்னஸ் ஆயில் இன்னும் கெட்டி. அதிக தூரம் நகராது, தோண்டி எடுப்பதே பெரும்பாலும் வழி.

எத்தனை நாள் ஆகும்? எப்போது முடிந்தது என்று நம்பலாம்?

தோண்டும் வேலை வாரக்கணக்கு. ஆவி உறிஞ்சுதல் சாதாரணமாக ஆறு மாதம் முதல் இரண்டு வருடம். நிலத்தடி நீர், அதுவும் பாறையில், அதைவிட நீளும். இயந்திரம் ஓடும்போது எடுக்கும் அளவு நன்றாகவே இருக்கும். நிறுத்திச் சில மாதம் கழித்து எடுத்தால் திரும்ப ஏறும், ஏனெனில் மண்ணில் ஒட்டியது மெல்லக் கரைந்து வரும். ஆகவே எல்லாவற்றையும் நிறுத்தியபின் ஒரு முழு வருடம், ஒரு கோடையும் ஒரு மழையும் தாண்டி அளவு ஏறாமல் இருந்தால்தான் முடிந்தது என்று ஏற்றுக்கொள்ளுங்கள்.

செலவு யாருடையது? சட்டத்தில் இடம் உண்டா?

உண்டு, அதுவும் நம் ஊர்ப் பெயரிலேயே. பாலாற்றைத் தோல் கழிவு கெடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த வேலூர் குடிமக்கள் நல மன்றத் தீர்ப்புதான், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டை நாட்டின் சட்டத்தில் அழுத்தமாக நிறுத்தியது. பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு மட்டுமல்ல, கெட்ட நிலத்தைத் திரும்பச் சரிசெய்யும் செலவும் இதில் சேரும். பெரும்பாலான பங்குகளில் டேங்க்கும் பம்பும் எண்ணெய் நிறுவனத்தின் சொத்து, நடத்துவது டீலர். எனவே மனுவில் இருவரையும் சேருங்கள்.

2025 ஜூலையில் மாசுபட்ட இடங்களின் மேலாண்மைக்கென்றே மத்திய அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. உள்ளாட்சியோ மாவட்ட நிர்வாகமோ சந்தேக இடங்களைப் பட்டியலிட வேண்டும். மாநில வாரியம் 90 நாளுக்குள் முதற்கட்ட ஆய்வு செய்ய வேண்டும். பிறகு விரிவான ஆய்வு. திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கும்போது இந்த விதிகளைக் குறிப்பிட்டு, உங்கள் இடத்தைப் பட்டியலில் சேர்க்கக் கேளுங்கள். ஒப்புகைச் சீட்டை வாங்காமல் வராதீர்கள். டேங்க்கின் பாதுகாப்பு பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் பொறுப்பு, அவர்களுக்கும் நகல். சென்னையில் உள்ள தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வில் இழப்பீடு கேட்க, காரணம் எழுந்த நாளிலிருந்து ஐந்து வருடம் அவகாசம். மற்ற வகைச் சுற்றுச்சூழல் தகராறுக்கு ஆறு மாதம்தான். தேதியைக் குறித்துவையுங்கள் என்று முதலிலேயே சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

புதிய பங்க் வருகிறது என்றால், மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2020 ஜனவரி வழிகாட்டுதலின்படி பள்ளி, பத்துப் படுக்கையோ அதற்கு மேலோ உள்ள ஆஸ்பத்திரி, குடியிருப்புப் பகுதி ஆகியவற்றிலிருந்து 50 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும். இடநெருக்கடி என்றாலும் 30 மீட்டருக்குக் குறையக் கூடாது.

பழைய பங்க் இருந்த இடத்தில் மனை விலைக்கு வருகிறது. வாங்கலாமா?

பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று மூன்றிலும் மண்ணுக்குள் இருப்பது தெரியாது. டேங்க்கை எடுத்தார்களா, எடுத்த குழியின் அடியிலும் பக்கச் சுவரிலும் மண் மாதிரி எடுத்தார்களா என்று கேளுங்கள். எடுத்திருந்தால் அறிக்கை இருக்கும். இல்லையென்றால் முன்பணம் கொடுப்பதற்கு முன் விற்பவரின் செலவில் மண்ணையும் மண்ணிலுள்ள ஆவியையும் சோதிக்கச் சொல்லுங்கள். கட்டிடம் வந்தபின் தரையின் விரிசல் வழியாகவும் குழாய் ஓட்டைகள் வழியாகவும் ஆவி வீட்டுக்குள் ஏறும். கதவு ஜன்னல் மூடி ஏ.சி. போடும் அறையில் அது தங்கும். தரைக்கு அடியில் கார் நிறுத்தும் தளமோ சம்ப்போ கட்டும் எண்ணம் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். சோதனைக்கு விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால் அந்த மனையை விட்டுவிடுங்கள். அங்கே ஏற்கெனவே ஒரு போர் இருந்தால், அதன் தண்ணீரை மேலே சொன்ன குப்பி முறையில் எடுத்து பி.டி.இ.எக்ஸ். பார்ப்பது குறைந்த செலவில் செய்யக்கூடிய முதல் சோதனை.